உலர்திராட்சையில் பிறந்த மட்டாஞ்சேரி மது

ஷாம்பேன் மதுவின் நுரை குளிர் தந்தது. வடகிழக்கு பிரான்சின் குளிர்காலத்தில் பாதியில் அடங்கிய நொதித்தல் இளவேனிலில் மீண்டும் தொடங்க, மதுவில் வளி நிறைந்தது. முதலில் குறையாகக் கருதப்பட்டது பின்னர் தனிச்சிறப்பாயிற்று. கொச்சியில் அத்தகைய குளிர்காலம் இல்லை. இரு பருவமழைகளும் கடலோர ஈரமும் திராட்சைக் கொடிக்குப் பகை.

ஆயினும் 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தைச் சூழ்ந்த வீடுகளில், ஓய்வுநாளை வரவேற்கும் கித்தூஷ் சடங்குக்குத் திராட்சை மது வேண்டியிருந்தது. தென்னங்கள் மலிந்த ஊர்தான். அது இச்சடங்குக்கு உதவாது. பிறர் கைபட்ட மதுவையோ யூதச் சமயச் சட்டம் விலக்கியது. உலர்திராட்சைக்கு அத்தடை இல்லை. அதை ஊறவைத்து எடுக்கும் மதுவைத் தல்மூத் ஏற்கிறது. எனவே கொடி விளையாத ஊரில், கடல்வழி வணிகம் கொணர்ந்த உலர்கனியிலிருந்து வீட்டிலேயே மது பிறந்தது. தட்பவெப்பம் மறுத்ததைச் சட்டமும் சந்தையும் சேர்ந்து ஈடுசெய்தன.

வடக்கே பட்டணம் அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இறக்குமதி மதுவின் வரலாற்றை அவற்றைக்கொண்டு எழுதலாம். சமையலறையில் ஊறிய மதுவுக்கு அத்தகைய ஓடு ஏது? 1948க்குப் பின் இசுரேலுக்குப் பெயர்ந்த கொச்சிக் குடும்பங்களின் நினைவுகளில்தான் அதன் சான்றைத் தேடவேண்டும்.