அலி கொணர்ந்த பறவை

தீவுகள் உயிரியலின் திறந்த ஏடுகள். கடல் சூழ்ந்த சிறு நிலத்தில் எவ்வுயிர் வந்து சேர்ந்தது, எது மாறிற்று, எது மறைந்தது என்பதைக் கண்ணாற் காணலாம். ஆதலினாலேயே மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல தம் மாணவரைத் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பிச் சூழலியலையும் கூர்ப்பையும் பயிற்றுகின்றன. நல்ல முயற்சியே. ஆயினும், இவ்வேட்டைப் படித்தவருக்குப் பக்கம் புரட்டிக் கொடுத்தவர் யார் என்ற வினாவும் அப்பாடத்தின் பகுதியாதல் வேண்டும்.

1823இல் பிறந்த அல்பிரட் ரசல் வாலஸ், குடும்ப வறுமையாற் பதினான்கு வயதளவிற் பள்ளியை விட்டவர், பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். டார்வினுக்குத் தந்தையின் செல்வம் இருந்தது. வாலசுக்கோ பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் இலண்டனில் விற்றே வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. அமேசனிற் கழித்த நான்காண்டுகளுட் கடைசி ஈராண்டிற் திரட்டியவற்றுட் பெரும்பகுதி 1852இல் கப்பலோடு எரிந்து போயிற்று. தளராத அம்மனிதர் 1854இல் மலாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டார்.

1856இல் மக்காசாருக்கு நேரடிக் கப்பல் கிடைக்காமையால் பாலித் தீவின் வழியாக லொம்பொக் தீவை அடைந்தார். குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் அகலமேயுள்ள நீரிணையைக் கடந்ததும் உயிருலகமே மாறியிருக்கக் கண்டார். பாலியில் அந்நாளிற் புலி வாழ்ந்தது, லொம்பொக்கில் இல்லை. ஆங்கு அவுஸ்திரேலிய இனத்தைச் சேர்ந்த வெள்ளைக் கொண்டைக் கிளிகளும், மண்மேடு குவித்து அதனுள் முட்டையிடும் பறவைகளும் இருந்தன. பனியூழியிற் கடல் 120 மீற்றரளவு தாழ்ந்தபோது பாலி ஆசியப் பெருநிலத்தோடு இணைந்திருந்தது. ஆழமான லொம்பொக் நீரிணையோ வற்றவில்லை. அவ்வெல்லை இன்று ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது.

1858 பெப்ரவரியிற் காய்ச்சலாற் படுத்திருந்தபோது இயற்கைத் தேர்வு பற்றிய எண்ணம் அவருள் உதித்தது. தெர்னாத்தேயிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, அதே ஆண்டு யூலை 1ஆந் திகதி டார்வினின் குறிப்புக்களோடு சேர்த்து இலண்டனில் வாசிக்கப்பட்டது. வறியவர் ஒருவர் அறிவியலின் உச்சியைத் தொட்ட வரலாறு இது. ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை.

எட்டாண்டுகளில் வாலஸ் சேர்த்த மாதிரிகள் 125,660. அவற்றுட் பறவைகள் மட்டும் 8,050. ஒரு மனிதனின் இரு கைகள் செய்யக்கூடிய வேலையா இது? வழிகாட்டியவர், படகு வலித்தவர், கூலிக்குப் பூச்சி பிடித்தவர் எனப் பலர் உழைத்தனர். அவர்களுள் முதன்மையானவர் அலி. 1855இல் சரவாக்கிற் சமையல் வேலைக்கு வந்த மலாய் இளைஞர். சுடவும், தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, விரைவிலேயே பறவை சேகரிப்பிற் கைதேர்ந்தவரானார்.

1858 ஒக்டோபரில் பச்சான் தீவிலே, இடுப்பிற் பறவைகளைத் தொங்கவிட்டு வந்த அலி, விந்தையான ஒன்றை எடுத்து நீட்டினார். மார்பிற் பச்சை ஒளி; தோள்களிலிருந்து இரண்டிரண்டாக நீளும் வெண்ணிற இறகுகள். அறிவியல் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை அது. இலண்டன் அறிஞர் அதற்குச் சூட்டியது வாலசின் பெயர். காட்டில் அலைந்து அதை வீழ்த்திய கையின் பெயரன்று.

வாலஸ் கொடியவரல்லர். அலியின் உழைப்பைத் தம் நூலிலே மறையாது எழுதினார். 1862இற் பிரியும்போது அலியைப் படம் பிடிக்கச் செய்து பாதுகாத்தார். பிற்காலத்தில் நிலத்தைத் தேசியமயமாக்கும் இயக்கத்துக்குத் தலைமை தாங்கித் தம்மைச் சமவுடைமைவாதியென்றும் அறிவித்தார். எனினும் தம் காலத்தின் திரை அவர் கண்களையும் மறைத்தது. ஒல்லாந்தக் கும்பனி 1652இல் தெர்னாத்தே சுல்தானுடன் உடன்படிக்கை செய்து, தன் பிடிக்கு வெளியேயிருந்த கராம்பு மரங்களை வெட்டி அழித்தது. விலை குறையாதிருக்க மரம் அழிந்தது. இவ்வழிப்பையே வாலஸ் தம் நூலில் நியாயப்படுத்தினார். உயிர்களின் பரம்பலைக் கடலும் காலமும் எழுதியதை நுணுகிப் படித்தவர், ஏகபோக வணிகம் எழுதியதைப் பிழையாகப் படித்தார்.

1907இல் தெர்னாத்தேக்குச் சென்ற அமெரிக்க விலங்கியலாளர் தோமஸ் பார்பர் முன் முதியவர் ஒருவர் வந்து நின்று, தாமே ‘அலி வாலஸ்’ என்றார். எசமானின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே உலகிற்குத் தம்மை உணர்த்த வேண்டியிருந்தது அவருக்கு.

ஆசிரிய நண்பர்களே, கூர்ப்புக் கொள்கையை வகுப்பிற் கற்பிக்கும்போது டார்வினையும் வாலசையும் சொல்லுங்கள். அவ்விருவர் பெருமையிற் குறைப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் அலியையும் சொல்லுங்கள். அறிவு தனியொருவர் மூளையிற் பூத்த மலரன்று. பலர் உழைப்பில் விளைந்த பயிர். அதை அறியாத மாணவன், எத்தனை தீவுகளுக்குச் சென்று வந்தாலும், பாதி ஏட்டையே படித்தவனாவான்.