ஒரு தீவு, ஒரு பத்திரிகை, பிறகு இன்னொன்று

சுயாட்சி பற்றிக் கதை வந்தா, எங்கட அரசியல் கட்டுரைகளில ஓலாந்து தீவுகளின்ர பேர் அடிக்கடி வரும். பின்லாந்துக்குள்ள இருக்கிற, சுவீடிஷ் பேசுற தீவுக்கூட்டம். அந்தச் சட்டங்களைப் பற்றி வாசிச்சிருப்பம். அங்கத்தைய பத்திரிகையின்ர கதையை ஆரும் சொல்லுறேல்ல.

1891இல், மாரியஹாம்ன் என்ற சிறு நகரத்தில் ‘ஓலாந்து’ பத்திரிகையைத் தொடங்கியவர் யூலியுஸ் சுண்ட்புளூம். 1809இல் சுவீடன் போரில் தோற்றுப் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தபோது இந்தத் தீவுகளும் கைமாறியிருந்தன. 1917இல் ரஷ்யப் பேரரசு உடைந்தது. தீவு மக்கள் மீண்டும் சுவீடனோடு சேரவேண்டும் என்றார்கள். அந்த இயக்கத்தின் முன்னணியிலும் இதே பத்திரிகைக்காரர்தான் நின்றார். 1920இல் பின்லாந்து அரசு அவரையும் கார்ல் பியோர்க்மனையும் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்தது.

1921இல் சர்வதேச சங்கம் முடிவு சொன்னது: தீவுகள் பின்லாந்துக்கு, ஆனால் சுவீடிஷ் மொழிக்கும் உள்ளூர் மக்களின் நிலத்துக்கும் உத்தரவாதம் வேண்டும். அடுத்த வருடமே முதல் சட்டமன்றம் கூடியது. சபாநாயகர் ஆர் தெரியுமோ? நேற்றுவரை துரோகி எண்டு சொல்லப்பட்ட அதே சுண்ட்புளூம். 1945 வரைக்கும் அவர்தான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. இயக்கத்தின் தலைவர், சட்டமன்றத்தின் தலைவர், ஊர்ப் பத்திரிகையைத் தொடங்கினவர், மூண்டும் ஒரே ஆள். வெளியில இருந்து வாற நெருக்குதலுக்கு எதிரா அப்படியொரு குரல் பலம்தான். ஆனா உள்ளுக்க ஒரு பிழை நடந்தா அதை எங்க எழுதுறது?

1981இல் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. ‘ஓலாந்து’ பத்திரிகைக்குள் நிர்வாகத்துக்கும் ஆசிரிய பீடத்துக்கும் முறுகல். வெளியேறிய ஊடகவியலாளர்கள் ‘நியா ஓலாந்து’, அதாவது ‘புதிய ஓலாந்து’ என்ற இன்னொரு பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதுவும் அதே சுவீடிஷ் மொழியில், அதே நகரத்தில். இன்றைக்குக்கூடத் தீவுகளின் சனத்தொகை சுமார் 30,000தான். அவ்வளவு சின்ன இடத்துக்கு இரண்டாவது பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம்.

முதல் பத்திரிகை பிறந்த காலத்தில், தங்கட மொழியில ஒரு குரல் இருந்தாலே போதும் எண்ட நிலை. மொழிக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைச்சு அறுபது வருசத்துக்குப் பிறகு வந்த சண்டை வேற: அந்த மொழியில வாற பத்திரிகை ஆற்ற கையில, அதில என்ன வரவேணும் எண்டு ஆர் முடிவெடுக்கிறது?

இனி ஆராவது ஓலாந்து மாதிரியைப் பற்றிக் கதைக்கேக்க, சட்டமன்றத்துக்கு என்ன அதிகாரம் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. அங்க எத்தினை பத்திரிகை, அதுகள் ஆற்ற கையில எண்டும் கேளுங்கோ.