பாப்பாக்குறிச்சியும் பிள்ளைப் பருவமும்

மன்னார்புரத்திலிருந்து தஞ்சைச் சாலையைப் பிடித்துக் கிழக்கே செல்வோர் அரியமங்கலம் கடந்ததும் காட்டூரையும் அதையொட்டிய பாப்பாக்குறிச்சியையும் காண்பர். பேருந்துச் சன்னல் வழியே பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நாம் கடந்துபோகும் ஊர்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் தமிழக வரலாற்றில் அதற்கு ஓர் அழியா இடம் உண்டு. 1982ஆம் ஆண்டு சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அங்கேதான்.

அத்திட்டத்தின் அரசியலைப் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்குக் காண விழைவது வேறொன்று: அந்தச் சோறு எந்த வயதுப் பிள்ளையின் தட்டில் விழுந்தது?

1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு அளிக்கத் தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைப்பதே நோக்கம். 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றபோதும் நோக்கம் பெரிதும் அதுவே. எனவே இலையில் அமர்ந்தவர்கள் ஐந்து வயது நிரம்பியவர்கள். 1982இல் இக்கணக்கு மாறியது. சிற்றூர்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுடன் இரண்டு வயது முதலான மழலைகளும் பந்திக்கு வந்தனர். அரசின் சோறு ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கிவந்தது.

இரண்டுக்கும் கீழே?

அங்கும் ஒரு முயற்சி நடந்தது. இன்று அதை நினைவுகூர்வோர் குறைவு. பாப்பாக்குறிச்சிக்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1980இல், உலக வங்கியின் கடனுதவியுடன் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை ஊரிலேயே வாழும் பெண் பணியாளர் மாதந்தோறும் எடை போட்டார். எடை கூடாது நின்ற பிள்ளைக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் இணையுணவு. எடை ஏறியதும் நிறுத்தம். அதனோடு தாய்க்கு அறிவுரையும். பெரிய பந்தலோ விழாவோ இல்லை. ஒரு தராசும் ஓர் அட்டையுமே கருவிகள். கடும் ஊட்டக்குறைவு கண்கூடாகக் குறைந்ததாகப் பின்வந்த மதிப்பீடுகள் கூறின.

மாதக்கணக்கு நம் மரபுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாட்டியல் நூலார் மாதத்தால் அன்றோ வகுத்தனர்! செங்கீரை ஐந்தாம் மாதத்திற்கு, சப்பாணி ஒன்பதாம் மாதத்திற்கு. தலை நிமிர்வதும் கை கொட்டுவதும் தளர்நடையிடுவதும் அக்கணக்கில் அடங்கும். மலைக்கோட்டையில் ஈசனே தாயாக வந்து பேறு பார்த்ததாகத் தலபுராணம் சொல்லும். கருவுற்ற மகளிர் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வது இன்றும் உண்டு. கருவறை தொடங்கித் தளர்நடை வரையிலான காலம் பேணத்தக்கது என்பதைக் கவிதையும் வழிபாடும் அறிந்திருந்தன. அரசின் ஏடுகளோ வகுப்புக்கணக்கிலிருந்து மாதக்கணக்கிற்கு வந்துசேர அறுபதாண்டுகள் எடுத்துக்கொண்டன.

அறிவியலும் தாமதமாகவே வந்தது. இங்கிலாந்தின் எர்ட்ஃபோர்ட்சையரில் 1911 முதல் குழந்தைகளின் பிறப்பெடையையும் ஓராண்டு நிறைவில் அவர்தம் எடையையும் செவிலியர் பதிந்து வைத்தனர். அவ்வேடுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர் குழுவினர் 5,654 ஆடவரின் வாழ்வைத் தொடர்ந்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். ஒரு வயதில் எடை குறைந்திருந்தோரே பிற்காலத்தில் இதய நோயால் மிகுதியாக மாண்டிருந்தனர். மைசூரின் பழைய மருத்துவமனை ஏடுகளை ஆராய்ந்து 1996இல் வெளிவந்த ஆய்வும் குறைந்த பிறப்பெடையை இதய நோயுடன் இணைத்தது.

காரணம் விளங்காததன்று. கருவில் உணவு குறையும்போது உடல் மூளையைக் காத்து, கணையத்தையும் சிறுநீரகத்தையும் தசையையும் சிக்கனமாகக் கட்டுகிறது. வறுமைக்கென்று கட்டிய வீட்டில் பின்னாளில் செழிப்பு குடியேறினால் சுவர் தாங்குவதில்லை. 2004இல் வெளியான தில்லி ஆய்வு இதனை மேலும் கூர்மையாக்கியது. முதலிரண்டு ஆண்டுகளில் மெலிந்திருந்து, பின்னர் விரைந்து பருத்துவந்த பிள்ளைகளிடையே, இளமையிலேயே நீரிழிவும் அதன் முன்னிலையும் மிகுந்து காணப்பட்டன.

இங்கேதான் சிக்கல். இரண்டு வயதுக்கு முன் விட்டதை அதற்குப் பின் சோறிட்டு முழுதும் ஈடுசெய்ய இயலாது. அவ்வாறெனில் பாப்பாக்குறிச்சியின் பந்தி காலங்கடந்த பந்தியா?

அல்ல என்றே கருதுகிறோம். பசித்த பிள்ளைக்கு இன்றைய சோறு இன்றே வேண்டும். அதற்கு ஆய்வுச் சான்று தேவையில்லை. சாதி பாராது ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதன் பயனை எடைக்கல் காட்டாது. இவற்றுக்கும் அப்பால் ஒன்றுண்டு. நாடு தழுவிய பள்ளி உணவுத் திட்டத்தை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த கட்டுரையொன்று, தொடக்கப்பள்ளியில் இலவச மதிய உணவு உண்ட சிறுமியர் பின்னாளில் தாயானபோது அவர்தம் குழந்தைகளின் உயரக்குறைவு தணிந்திருந்ததைக் காட்டிற்று. உண்ட பெண் உயரமாக வளர்கிறாள், கூடுதலாகப் படிக்கிறாள், காலந்தாழ்த்தித் தாயாகிறாள், மருத்துவமனையில் பெறுகிறாள். தட்டில் விழுந்த சோறு ஒரு தலைமுறை கடந்து கருவறையைச் சென்றடைகிறது.

ஆகவே கொட்டாம்பட்டியின் தராசும் பாப்பாக்குறிச்சியின் அடுப்பும் ஒன்றற்கொன்று மாற்றாகா. முன்னது இன்று பிறக்கும் பிள்ளைக்கு. பின்னது இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு. முதலமைச்சர் தொடங்கிவைத்த அடுப்பை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஊர்ப்பெண்ணொருத்தி மாதந்தோறும் தூக்கிப் பிடித்த தராசையும் அது நினைவில் வைக்கவேண்டும். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கிக்கொண்டு, பிள்ளையை எடை போடக் காத்துநிற்கும் தாயரைக் காணும்போது, பிள்ளைத்தமிழின் மாதக்கணக்கு இன்னும் முடியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.