பொலன்னறுவையில் ஒரு துறவியின் கமரா

இறக்காமம் பிரதேசத்தின் மாணிக்கமடுவை அண்டிய மாயக்கல்லி மலையில் 2016 ஒக்டோபர் இறுதியில் புத்தர் சிலையொன்று வைக்கப்பட்டது. அதன் படத்தைப் பத்திரிகைகளில் கண்ட தமிழ், முஸ்லிம் மக்கள் அதில் சாந்தத்தைக் காணவில்லை. தம் காணிகளுக்கு வரவிருந்த ஆபத்தையே கண்டனர். அந்த அச்சத்தை எவரும் குறைகூற முடியாது. ஆயினும், அங்கிருந்து சில மணிநேரப் பயணத்திலுள்ள பொலன்னறுவையில், புத்தர் சிலையும் கமராவும் ஒரு மனிதருக்கு மன அமைதி தந்த வரலாறும் உண்டு.

அவர் பௌத்தரல்லர். தோமஸ் மேர்ட்டன் (1915–1968), அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கெத்செமனி மடத்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி. வியட்நாம் போரை எதிர்த்து எழுதியவர். எழுத்தாளரான நண்பர் ஜோன் ஹவார்ட் கிரிஃபின் அவருக்கொரு கமராவை இரவலாகக் கொடுத்திருந்தார். மரவேர், பழைய நாற்காலி, சுவரில் விழும் நிழல் என எளிய பொருள்களையே மேர்ட்டன் படம் பிடித்தார். படமெடுப்பது அவருக்குத் தியானத்தின் ஒரு வடிவமாகவே இருந்தது.

1968 நவம்பரில் தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்த அவர், டிசம்பர் முதல் வாரத்தில் பொலன்னறுவைக் கல் விகாரைக்கு வந்தார். உடன்வந்த குருவானவர் பிறசமயச் சிலைகளை நெருங்க விரும்பாமல் மரத்தடியில் அமர்ந்துவிட்டார். மேர்ட்டன் வெறுங்காலுடன் ஈரப்புல்லில் நடந்து சிலைகளை அணுகினார், படங்களும் எடுத்தார். பழகிப்போன பார்வையிலிருந்து தாம் விடுபட்டதாகவும், தேடியலைந்தது கிட்டியதாகவும் நாட்குறிப்பில் எழுதினார். சில நாள்களில், டிசம்பர் 10ஆம் திகதி, பாங்கொக் அருகே மின்விபத்தில் இறந்தார். அந்நாட்குறிப்பு 1973இல் நூலாக வெளிவந்தது.

கல் விகாரைச் சிலைகளைச் செதுக்குவித்தவன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). அவன் காலத்துப் பொலன்னறுவையில் மருத்துவமனையும் இருந்தது. நோயாளரைக் கிடத்தி மூலிகை நீரால் சிகிச்சையளித்த கல்தொட்டி அதன் இடிபாடுகளில் கிடைத்துள்ளது. உடற்பிணிக்கு மருந்தும் மனப்பிணிக்குத் தியானமும் ஒரே நகரில் இருந்தன.

எனவே, சிலையோ படமோ தானாக எவரையும் ஆற்றுவதில்லை. மேர்ட்டன் எதையும் உரிமை கோராமல், பார்க்க மட்டுமே வந்தார். இறக்காமத்து மக்களுக்கோ அதே திருவுருவம் நில உரிமைக் கோரிக்கையாக வந்து நின்றது. புத்தரின் முகம் மாறவில்லை. அதைக் கொண்டுவந்தோரின் நோக்கம்தான் வேறு.

பொலன்னறுவையில் இன்னொரு கல்லும் நிற்கிறது. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என வேளைக்காரப் படையினர் 12ஆம் நூற்றாண்டில் உறுதியளித்த கல்வெட்டு அது. அதன் மொழி தமிழ். நம் இளைஞர்கள் கமராவுடன் அங்கு போகட்டும். அந்தப் படம் இந்நாட்டின் எல்லாப் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடநூல்களிலும் இடம்பெறட்டும். ஆறாத புண்ணுக்கு அதுவும் ஒரு மருந்தாகலாம்.