பார்ப்பதற்கென்றே போட்ட மலைச்சாலை

ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை சரக்கு வண்டிகளுக்காகப் பிறந்ததல்ல. ஆல்ப்ஸ் மலையைக் காண வருபவர்களை நம்பியே 48 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டது. சாலை கடக்கும் கணவாய் மட்டும் மிகப் பழையது. உப்பும் ஒயினும் சுமந்த பொதிக் குதிரைகள் நூற்றாண்டுகளாக அவ்வழியே கடந்தன. 1933-இல் கணவாயின் உச்சியான ஹோக்டோரில் வேலை நடந்தபோது ரோமானியர் காலத்து ஹெர்குலிஸ் சிலை ஒன்றுகூடக் கிடைத்தது.

முதல் உலகப்போரில் தோற்ற ஆஸ்திரியா தென் டிரோலை இத்தாலியிடம் இழந்தது. பேரரசின் மிக உயர்ந்த சிகரமான ஓர்ட்லரும் அத்தோடு போனது. எஞ்சிய நாட்டில் 3,798 மீட்டர் உயரமுள்ள கிராஸ்குளோக்னரே முதலிடம் பெற்றது. 1924-இல் பொறியாளர் ஃபிரான்ஸ் வாலாக்கிடம் சாலைத் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. கார்களே அரிதான நாட்டில் இது எதற்கு என்று பலர் கேட்டனர்; நியாயமான கேள்விதான். பதில் 1929-இன் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து வந்தது. வேலையில்லாதோருக்கு வேலை தர வேண்டியிருந்ததால், சால்ஸ்பர்க் மாநில ஆளுநர் ஃபிரான்ஸ் ரெர்ல் திட்டத்தை விடாப்பிடியாக முன்னெடுத்தார். 1930 ஆகஸ்டில் பணி தொடங்கியது. பனி உருகிய மாதங்களில்தான் வேலை செய்ய முடிந்தது. 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் 1935 ஆகஸ்ட் 3 அன்று சாலை திறக்கப்பட்டது. தொடக்கம் முதலே சுங்கக் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் இன்றும் மூடிவிடுவார்கள்.

இன்று இச்சாலையில் பேருந்துப் பயணிகள் தேடும் ஐபெக்ஸ் காட்டாடு அன்றைய பயணிகளுக்குக் கிடைத்திராது. கொம்பும் இரத்தமும் மருந்தென்று நம்பி வேட்டையாடியதில் ஆல்ப்ஸ் முழுவதும் அது அழிந்து, இத்தாலியின் கிரான் பாரடிசோவில் மட்டும் எஞ்சியது. அப்பகுதியை 1856-இல் அரச வேட்டைக்காடாக அறிவித்ததால்தான் பிழைத்தது. குளோக்னர் சரிவுகளில் அதை மீண்டும் விட்டது 1960களில்தான். அரையாண்டு வளைக்குள் உறங்கும் மார்மொட், அணில் குடும்பத்தின் பருத்த உறவு. அதன் கொழுப்புக்காகப் பிடித்தார்கள், ஆனாலும் தப்பியது.

விலங்குகளுக்கு இடம் மிஞ்சியதில் ஆல்பர்ட் விர்த் என்ற மர வணிகருக்குப் பங்குண்டு. 1918-இல் மலையின் பெரும்பகுதியை வாங்கி, இயற்கை மாறாமல் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆல்பைன் சங்கத்துக்குக் கொடுத்தார். சாலையைக் காம்ஸ்குரூபே என்ற இடம் வரை நீட்டும் முயற்சியைச் சங்கம் எதிர்த்தது. 1981-இல் இம்மலைப்பகுதியில் கரிந்தியா மாநிலத்துக்கு உட்பட்ட பகுதி ஆஸ்திரியாவின் முதல் தேசியப் பூங்காவானது.

சட்டத்தால் காக்க முடியாதது பாஸ்டெர்ட்சே பனியாறு. 1963-இல் அதன்மேல் பயணிகளை இறக்கவென்று கயிற்று ரயில் அமைத்தார்கள். இன்று பனி அந்தக் கயிற்று ரயிலின் கீழ் நிலையத்துக்கும் வெகு கீழே இறங்கிவிட்டது.