மேகமில்லாத வானம் தரும் வெப்பம்

மேகம் மூடிய இரவில் புழுக்கம், வானம் தெளிந்த இரவில் குளிர். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மேகமே இல்லாத வானமும் இரவெல்லாம் பூமிக்கு வெப்பம் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. அது எவ்வளவு என்று கணக்குப் போட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் பாலக்காட்டுக்காரர்கள் இருவருக்கும் இடம் உண்டு.

1859-ல் லண்டனில் ஜான் டிண்டால் வாயுக்களை ஒவ்வொன்றாகக் குழாயில் அடைத்து, வெப்பக் கதிர் ஊடுருவுகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். காற்றின் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அதைத் தடுக்கவே இல்லை. கொஞ்சமே இருக்கும் நீராவிதான் உறிஞ்சியது. உறிஞ்சும் பொருள் வெப்பத்தை வெளியே வீசவும் செய்யும். அப்படி வீசும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும் என்று 1879-ல் ஆஸ்திரியாவின் ஸ்டெஃபான் கண்டார்.

அப்புறம் என்ன, கணக்கு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. நீராவி சில அலைநீளங்களுக்குச் சுவர் போல நிற்கும். சிலவற்றுக்குத் திறந்த ஜன்னல். ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் வரை உள்ள கதிர்கள் அந்த ஜன்னல் வழியே விண்வெளிக்குப் போய்விடுகின்றன. மேலே போகப் போகக் காற்றும் குளிர்கிறது, நீராவியும் குறைகிறது. கணினி இல்லாத காலத்தில் இதை அடுக்கு அடுக்காகக் கணக்கிடுவது பெரும்பாடு.

ஆகவே அளந்து பார்த்தார்கள். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1912-ல் அல்ஜீரியாவிலும், 1913-ல் கலிஃபோர்னியாவிலும் இரவு வானத்தின் வெப்பத்தை அளந்தார். 4,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த விட்னி மலை உச்சிக்கும் கருவியோடு ஏறினார். தரையருகே உள்ள நீராவியின் அளவு தெரிந்தாலே வானத்தின் வெப்பத்தை ஓரளவு சொல்லிவிடலாம் என்று காட்டினார்.

1932-ல் பிரிட்டிஷ் வானிலை அறிஞர் டேவிட் பிரண்ட் அதை இன்னும் எளிதாக்கினார். நீராவி அழுத்தத்தை மில்லிபாரில் எடுத்து வர்க்கமூலம் காணவேண்டும். அதை 0.065-ஆல் பெருக்கி 0.52-ஐக் கூட்டவேண்டும். முழுமையாகக் கதிர்வீசும் பொருள் தரும் வெப்பத்தில் வானம் தரும் பங்கு அதுதான். இந்த எண்கள் இங்கிலாந்தின் பென்சனில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு கணக்குப் போடுவோம். வெப்பநிலை 20 டிகிரி என்றால் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 418 வாட் வீசும். நீராவி அழுத்தம் 16 மில்லிபார் என்றால் வர்க்கமூலம் 4, பங்கு 0.78. வானம் திருப்பித் தருவது 326 வாட், நஷ்டம் 92. காற்று வறண்டு அழுத்தம் 9 ஆனால் பங்கு 0.715, நஷ்டம் 119 ஆகிறது. வறண்ட இரவு ஏன் அதிகம் குளிர்கிறது என்பதற்கு விடை இதுவே.

அளவுகளைப் பொருத்தி எடுத்த சூத்திரத்துக்குக் காரணம் சொன்னவர்கள்தான் நம் பாலக்காட்டுக்காரர்கள், கே.ஆர். ராமநாதனும் எல்.ஏ. ராமதாஸும். இருவரும் சி.வி. ராமனிடம் பயின்று இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தவர்கள். நீராவி எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சும் என்பதிலிருந்தே ஆங்ஸ்ட்ராமின் சூத்திரத்தை வருவித்து 1935-ல் வெளியிட்டார்கள்.

ராமதாஸ் 1932-லேயே ஆத்மநாதனோடு சேர்ந்து இன்னொன்றையும் சொல்லியிருந்தார். காற்றசையாத தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இல்லை, ஓரடி அளவு மேலே இருக்கிறது என்றார். வெளிநாட்டு அறிஞர்கள் முதலில் நம்பவில்லை. பின்னால் பலர் அளந்து ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இன்று ராமதாஸ் அடுக்கு என்றே பெயர்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கல்ல. ஒரே இரவு உறைபனியில் தேயிலை கருகும் நீலகிரிக்காரர்களுக்கு அந்த 92-க்கும் 119-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பயிருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998-ல் வெளியிட்ட முறையிலும் பிரண்டின் அந்த வர்க்கமூலம் இருக்கிறது.