இசைத்தட்டு நாடகமும் மேடை நாடகமும்: மும்பையிலிருந்து ஒரு மறுபார்வை

தமிழ் இசைநாடக வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சான்றுப் பஞ்சம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களுள் பல இன்று கிடைக்கவில்லை. கிடைப்பனவும் அச்சிட்ட பாடலும் வசனமுமாகவே நிற்கின்றன. அவற்றை ஆடியவர்களின் குரல் எத்தகையது என்பதை அறிய நமக்குள்ள நேர்ச்சான்று கிராமபோன் இசைத்தட்டு ஒன்றே. ஆதலின் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933), கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) முதலியோரின் தட்டுகளையும், ஒரு கதை முழுவதையும் பல தட்டுகளில் அடக்கி விற்ற 'நாடக செட்'டுகளையும் மேடையின் எதிரொலியாகவே கொள்ளும் வழக்கம் ஆய்வாளரிடையே நிலைபெற்றுள்ளது. இவ்வழக்கம் மறுபரிசீலனைக்குரியது என்பதே இக்கட்டுரையின் துணிபு. நாடக செட் என்பது மேடை நாடகத்தின் சுருக்கம் அன்று. மேடையை மூலப்பொருளாகக் கொண்டு அமைத்த பிறிதொரு வடிவம்.

இதனை ஆராய மும்பை பொருத்தமான களம் என்பதற்குக் காரணங்கள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து தெற்கே வந்த பார்சி நாடகக் குழுக்களே வண்ணத் திரைச்சீலையையும் இந்துஸ்தானி மெட்டையும் தமிழ் மேடைக்கு வழங்கின. முதல் தமிழ்ப் பேசும்படம் உருவான நகரமும் அதுவே. மராத்திச் சங்கீத நாடகம் என்னும் இணையான மரபொன்று அங்கே செழித்திருந்தது. இவற்றினும் முதன்மையானது, மேடையிலிருந்து ஆயிரம் கல் தொலைவில் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையினராக அங்கே குடியேறியமையாகும். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியிலும், அலுவலகப் பணியை நாடி வந்தோர் மாட்டுங்காவிலும் தங்கினர். விடுதலைக்குப் பின் டிராம்பே பகுதியில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தபோது செம்பூர் வளர்ந்தது. இம்மூன்று குடியிருப்புகளிலும் மேடைக்கும் தட்டுக்கும் இருந்த உறவு, மதுரையிலோ காரைக்குடியிலோ இருந்த உறவன்று.

முதற்கண் காலஅளவை நோக்குவோம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பன்னிரண்டு அங்குலத் தட்டு நான்கு நிமிடத்தைச் சற்றுக் கடக்கும். ஒரு செட்டில் எட்டுச் சிறு தட்டுகள் எனக் கொண்டால் பதினாறு பக்கங்கள். ஐம்பது நிமிடத்துக்குள் கதை முடிந்தாக வேண்டும். மேடையிலோ இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஸ்பெஷல் நாடகம் விடியும்வரை நடக்கும். பத்தில் ஒரு பங்கும் தட்டில் இல்லை எனலாம். எல்லாக் கூறுகளும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பின் அதனைச் சுருக்கம் என்று ஒப்புக்கொள்ளலாம். நிகழ்ந்தது அதுவன்று.

'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடக மேடையில் இன்றளவும் நிற்கும் நாடகம். அதில் கதை என்பது மிக மெலிந்த இழை. வள்ளி முருகனை மணப்பாள் என்பதை அறியாத பார்வையாளர் ஒருவரும் இலர். மக்கள் காத்திருப்பது நாரதருக்கும் வள்ளிக்கும் நிகழும் தருக்கத்திற்கு. தனித்தனியே ஒப்பந்தமாகி அன்றிரவுதான் மேடையில் சந்திக்கும் இரு நடிகர்கள் ஒருவர் புலமையை மற்றவர் சோதிக்கும் இடம் அது. கேள்வி எங்கிருந்து வரும் என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரியாது. விடை தடுமாறினால் கூட்டம் நகைக்கும்; ஓங்கினால் கைதட்டும். பபூனும் டான்ஸ் பாத்திரமும் தோன்றும் பகுதியும் அவ்வாறே. ஹார்மோனியக்காரர் பக்கவாத்தியர் மட்டுமல்லர். பின்பாட்டுப் பாடுவார், பபூனுக்கு மறுமொழி கூறுவார், புதிய நடிகையின் சுருதியை ஓரிரு நொடியில் கணித்துக் கைகொடுப்பார். இவை அனைத்தும் காலத்தை விழுங்குபவை. முன்கூட்டி எழுதி வைக்க இயலாதவை. ஒலிப்பதிவு அறையில் முதலில் வெட்டுண்டவை இவையே. எஞ்சியது கதை. மேடையில் மெலிந்திருந்த இழை தட்டில் முதுகெலும்பாயிற்று.

வெட்டியதோடு தட்டு நிற்கவில்லை. தனக்கென ஓர் உறுப்பினையும் படைத்துக்கொண்டது. அதுதான் 'பக்கம்'. மூன்று நிமிட முடிவில் தட்டைத் திருப்ப வேண்டியிருத்தலின், ஒவ்வொரு பக்கமும் ஒரு தொடக்கமும் ஓர் உச்சமும் கொண்ட சிறுகாட்சியாக அமைதல் வேண்டும். சில வரி வசனம், ஒரு விருத்தம், அதன்பின் விரைந்த நடையில் ஒரு பாட்டு என அமையும் பக்கம், கேட்போரை அடுத்த பக்கத்திற்கு ஈர்க்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக அமைப்பில் இத்தகைய அலகு கிடையாது. அங்குக் காட்சியின் நீளத்தை நிர்ணயிப்பது நடிகரின் மனோதர்மமும் பார்வையாளரின் 'ஒன்ஸ்மோர்' குரலும் ஆகும்.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் குழுக்களில் பாடம் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்விக்கப்பட்டது. ஸ்பெஷல் நாடகத்திலோ ஒத்திகையே இல்லை. நாடக செட் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? விளம்பரத்தில் ஒளிர்ந்த பெயர்கள் ஸ்பெஷல் நாடக நட்சத்திரங்களுடையவை. பதிவான முறையோ பாலர் குழுவின் கட்டுப்பாடு. ஒன்றோடொன்று ஒட்டாது நின்ற இரு மரபுகளைத் தட்டு ஒருசேரப் பிணைத்தது. மேடையில் இக்கலவை நிகழ்ந்ததற்குச் சான்று அரிது. ஆதலின் தட்டைக் கேட்டுவிட்டு 'அக்கால நாடகம் கட்டுக்கோப்பானது' என எழுதுவது பொருந்தாது.

குரலைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. கிட்டப்பா உச்சஸ்தாயியில் தங்கு தடையின்றிச் சஞ்சரித்தார் என்பது கேட்டவர் அனைவரும் கூறுவது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. அதன் சுருதி இன்னது என்று தட்டைக் கொண்டு துணிவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 'நிமிடத்திற்கு 78 சுற்று' என்பது பெயரளவான கணக்கு. பழைய பதிவுகள் இதனினும் குறைந்த வேகத்திலும் கூடிய வேகத்திலும் நிகழ்ந்துள்ளன. 74 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும், காலமும் விரையும். இன்று கணினி வழியே பரவும் பிரதிகளில் எது எவ்வேகத்தில் ஓட்டப்பட்டது என்னும் குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. இவற்றைக் கொண்டு கட்டைக்கணக்கு எழுதுவது வீண்முயற்சி.

மேடை கொடுத்த பொருளைத் தட்டு இழந்த மற்றோர் இடம் அரசியல். விசுவநாததாஸ் (1886–1940) வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைக் குறித்த பாட்டைப் பாடியபோது, ஓட்டப்படுவது எந்தக் கொக்கு என்பது கொட்டகையில் இருந்த காவலர் உட்பட அனைவர்க்கும் விளங்கியது. அப்பாட்டு மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) இயற்றியது. அதன் கூர்மை சொல்லில் மட்டும் இல்லை. குறமகள் கவண் ஏந்தி நிற்கும் காட்சியில் அது வந்து பொருந்துவதில் இருந்தது. புராணம் கேடயம், பாட்டு வாள் என்னும் அவ்வமைப்பைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது வெளிப்படையான ஒரு தேசியப் பாடல். தேசியப் பாடல்கள் தட்டுகளாகவும் பரவின; சுந்தராம்பாளின் குரலில் அவை பெரும்புகழ் பெற்றன. ஆயினும் தட்டில் கேட்டவர் ஒரு கொள்கையைக் கேட்டார்; மேடையில் கண்டவர் ஒரு சதியில் பங்குகொண்டார்.

இதே பாஸ்கரதாஸின் பாடல்கள் பம்பாய்க்குச் சென்ற வரலாறு நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. 1931 மார்ச் 14ஆம் நாள் 'ஆலம் ஆரா' பம்பாயில் வெளியானது. அதனைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்திலேயே எச்.எம். ரெட்டி இயக்கத்தில் 'காளிதாஸ்' உருவாகி, அவ்வாண்டு அக்டோபர் 31இல் சென்னையில் திரையிடப்பட்டது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். வடமொழிப் புலவனின் கதைப்படத்தில் அவர் கைராட்டினத்தைப் போற்றும் பாட்டைப் பாடினார். படமெடுத்தோர்க்குத் தமிழ்க் கதையின் தொடர்ச்சியைவிட, தமிழ்க் குரலில் பாட்டு என்பதே விற்பனைக்குரியதாய் இருந்திருத்தல் வேண்டும். கதைக்குப் புறம்பான பாட்டை இடையே நுழைப்பதை ஆய்வாளர் சிலர் தொழில்நுட்பத் தொடக்கநிலையின் குறைபாடாகக் கருதுவர். அது குறைபாடன்று, ஸ்பெஷல் நாடக மேடையின் நல்வழக்கு. நாடக செட் களைந்துவிட்ட மேடைக்கூறு ஒன்று, வியப்புக்குரிய வகையில், பம்பாய்ப் படப்பிடிப்பு அரங்கில் பிழைத்துக்கொண்டது. படத்தின் பிரதி இன்று இல்லை.

மராத்தி நிலையோடு ஒப்பிடுவதும் பயன்தரும். 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தல'த்துடன் எழுச்சியுற்ற அம்மரபின் பெருங்கலைஞர் பாலகந்தர்வர் (1888–1967). பார்வையாளர் மீண்டும் மீண்டும் கேட்கப் பாடி, ஒரே பதத்தை அவர் விரித்துச் செல்வதால் நாடகம் விடியற்காலைவரை நீண்டதுண்டு. அவருடைய தட்டுகளோ மூன்று நிமிடப் பதங்கள். ஆயினும் அவற்றைக் கேட்ட மராத்தியர் எவரும் நாடகத்தைக் கேட்டதாக எண்ணியிலர். பதத்தைக் கேட்டதாகவே எண்ணினர். தமிழ் நாடக செட் வசனத்தையும் உடன் கொண்டமையால் 'நாடகத்தையே கேட்டோம்' என்னும் மயக்கத்திற்கு இடம் தந்தது. மேலைநாட்டில் ஒரு மேடை இசைநாடகத்தின் பாடல்களை அதே நடிகர், அதே வாத்தியக் குழுவினரைக் கொண்டு தொகுப்பாக வெளியிடும் முறைக்கு 1943இல் டெக்கா நிறுவனம் வெளியிட்ட 'ஓக்லஹோமா!' தட்டுகளை முன்னோடியாகக் காட்டுவர். தமிழ் நாடக செட்டுகள் அதற்கு முன்னரே கடைக்கு வந்துவிட்டன. ஆனால் 'ஓக்லஹோமா!' ஒரு குறிப்பிட்ட மேடையாக்கத்தின் நினைவுப்பதிவு. தமிழ் செட் எந்த ஓர் இரவின் நினைவும் அன்று.

இவ்வேறுபாடு மும்பைத் தமிழரிடம் எவ்வாறு செயல்பட்டது? ஆண்டுக்கொருமுறை ஊர்க் கொடைக்குச் சென்று திரும்பும் தாராவித் தொழிலாளிக்கு மேடை என்பது அரிதாய் வாய்க்கும் விழா. தட்டோ ஒலிபெருக்கியோ அன்றாடம். ஊரில் மேடையை முதலில் கண்டு பின்னர்த் தட்டைக் கேட்ட தலைமுறைக்குத் தட்டு நினைவூட்டி. மும்பையில் பிறந்த தலைமுறைக்கு வரிசை தலைகீழ். தட்டே மூலம், மேடை அதன் விளக்கம். மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிய காலத்துக்குப் பின் வளர்ந்த சபா மரபு கருநாடக இசையையும் வசன நாடகத்தையும் பேணிய அளவுக்கு ஸ்பெஷல் நாடகத்தைப் பேணவில்லை. இது சுவையின் பாற்பட்டது மட்டுமன்று. சாதி, வகுப்பு வேறுபாட்டின் பாற்பட்டதுமாகும். 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்தா அரங்கு போன்ற பேரரங்குகளில் ஒலிவாங்கியின்றி நாடகம் இல்லை. ஒலிவாங்கியின் முன் நின்று பேசத் தொடங்கிய நாள்முதல் மேடையும் பதிவறையின் ஒழுக்கத்தைக் கைக்கொண்டது என்பதை மறுத்தற்கில்லை.

செட் தட்டின் வழித்தோன்றல் 'ஒலிச்சித்திரம்'. 'திருவிளையாடல்' (1965) கதை வசனமும், ஒலிநாடாக் காலத்தில் 'விதி' (1984) வசனமும் திருவிழாக்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தமையைத் தமிழகத்தார் அறிவர். படத்தைக் காணாமலே வசனத்தை முழுதும் ஒப்பிக்கும் கேட்போர் உருவாயினர். நாடக செட் பயிற்றிய செவி இது. தருக்கத்தின் கேள்விக்கு என்ன விடை வரும் என அறியாது காத்திருந்த செவியன்று. அடுத்த சொல்லை முன்னரே அறிந்து மகிழும் செவி.

பம்பாய் தட்டுத் தொழிலிலும் பங்குகொண்ட நகரம். மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் 'யங் இந்தியா' தட்டுகளின் தொழிற்சாலை 1930களின் நடுப்பகுதி முதல் இயங்கியது. 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் நிறுவப்பட்டதும் இந்நகரில்தான். தாராவி மறுசீரமைப்பு தொடங்கியுள்ள இன்று, வீடு காலி செய்வோர் முதலில் கழிப்பது பரண்மேல் கிடக்கும் இத்தகைய பொருள்களையே. தட்டைச் சேகரிப்போர் பாட்டை மட்டும் கணினிக்கு மாற்றிவிட்டுத் தட்டைக் கைவிடுவது தகாது. செட்டின் பக்க வரிசை எண், நடுவில் ஒட்டிய தாளிலுள்ள பாத்திரப் பெயர், அத்தாளைச் சூழ்ந்த வெற்றிடத்தில் பொறித்த பதிவெண் ஆகிய மூன்றும் படியெடுக்கப்படல் வேண்டும். பதிவெண் தொடர்ச்சியைக் கொண்டு எப்பக்கம் முதலில் பதிவாயிற்று, எது திருப்பிப் பதியப்பட்டது என்பதை வரிசைப்படுத்த இயலும். பதிவறையில் எந்தக் காட்சி இடர்ப்பட்டது என்பதற்கு அதுவே குறிப்பு. இடர்ப்பட்ட காட்சிகளுள் தருக்கம் உண்டா என்பதை அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.